ரப்பர் கணவாய்

மறுபடியும் கொப்பளம். கஸ்பார் கம்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கம்பியைச் சுற்றிப் படிந்திருந்த ரப்பர் தோலில் மேலிருந்து கீழ்வரை அம்மை போட்ட மாதிரிப் பொடிப்பொடியாகக் கொப்பளம், அதில் பாதி வெடித்து ஓட்டை வேறு விழுந்திருந்தது. இதைத் தூண்டில் முள்ளில் மாட்டிக் கடலில் போட்டால் கொடுவா மீன் எங்கே வரப்போகிறது, வேலைவெட்டி இல்லாமல் பாறையைச் சுற்றித் திரிகிற பேத்தை மீன்கூடச் சிரித்துவிட்டுப் போகும். சை, என்ன எழவு வேலை இது. முதல் தடவை அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு, பால்போல இருந்த பிளாஸ்டிக்கைக் கடுங்காப்பி நிறத்துக்குக் கருக்கித் தொலைத்தாயிற்று. சரி, அது அவசரம், ஒத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை தீயைச் சிறுக வைத்து, கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாமல் கிண்டி, அது களியாக இறுகி, பிறகு இளகி, எண்ணெயாகத் தெளிந்து வந்த பிறகுதானே சாயத்தைப் போட்டான், உப்பைப் போட்டான். கம்பியை முக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதானே முக்கினான். அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான். வேலை என்னவோ கேட்பதற்குச் சின்னதுதான். சுண்டுவிரல் பருமனுள்ள எவர்சில்வர் கம்பியை உருகின பிளாஸ்டிக்கில் முக்கி எடுக்க வேண்டும், தொங்கவிட்டு ஆறவைக்க வேண்டும், இன்னொரு முக்கு, ஆறினதும் உறையை உருவுவதுபோல உருவிவிட்டால் ஒரு முனை மூடி ஒரு முனை திறந்த குழாய். திறந்த முனையைப் பிளேடால் நீளவாக்கில் நார்நாராகக் கிழித்துவிட்டால் அதுதான் கணவாய் மீன் குஞ்சின் கால். குழாய்க்குள் ஈயக்குண்டு வைத்த முள்ளைச் செருகித் தண்ணீரில் விட்டால் கால்கள் விரிந்து சுருங்கி, கணவாய்க்கே இது நம்ம பிள்ளையோ என்று சந்தேகம் வரும். கடையில் விற்கிறதும் இதே சாமான்தான். ஆனால் அது எந்த நாட்டு ஏரியையோ மனசில் வைத்துச் செய்தது, பச்சையும் மினுமினுப்புமாக. நம்ம பிரேக்வாட்டர் பாறையில் பேத்தை வந்து ஒரே கடியில் கால்களைக் கத்தரித்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் கொச்சியில் இந்த வேலைக்கு வீடியோ போடுகிற ஒருத்தனிடமிருந்து பிளாஸ்டிக் ஒரு கேன் வரவழைத்து, நானே செய்து காட்டுகிறேன் என்று மச்சினன் ரெமியிடம் வீறாப்புப் பேசியது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பாறைக்குப் போவதாக ஏற்பாடு. கஸ்பாருக்கு இன்றைக்கு லீவு; சாயங்காலம் வேலை விட்டதும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ரெமி சொல்லியிருக்கிறான். வந்தால் காட்டுவதற்கு இந்த அம்மைக் குழாய்தான் இருக்கிறது.

கொப்பளம் கிடக்கட்டும், கொப்பளத்துக்கு ஏதாவது வழி இருக்கும். கம்பியைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுகிறபோதுதான் கை ஆடியது. வலது கை. கிளிப்பின் வாய் கம்பியில் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது, கவ்வ மாட்டேன் என்றது. மடியில் கிடக்கும்வரை சாதுவாகக் கிடக்கிற கைதான். ஒரு பொருளைப் பார்த்து நீட்டி, இதோ தொடப்போகிறோம் என்கிற கடைசி நேரத்தில்தான் அதற்கு வந்துவிடும். தவக்காலத்தில் ஆரம்பித்தது. சிலுவைப்பாதையில் மெழுகுதிரி பிடித்து நின்றபோது மெழுகு புறங்கையில் சொட்டிக்கொண்டே இருந்தது; காற்று என்று நினைத்தான், பக்கத்தில் நின்றவர்களின் திரியெல்லாம் நேராக எரிந்ததைப் பார்த்துவிட்டும் காற்று என்றே நினைத்தான். பாஸ்காத் திருநாள் வந்தது, போனது, இப்போது கத்திரி வெயிலும் வந்துவிட்டது, கை இன்னும் நின்றபாடில்லை. கித்தேரிக்குத் தெரியாது. பெண்டாட்டி என்று பெயர், காப்பி சிந்திவிடாமல் இருக்க அரை டம்ளராகக் கேட்டால் சர்க்கரைக்குப் பயந்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ரெமிக்குத் தெரியாது. ஹார்பரில் ஒருத்தருக்கும் தெரியாது. அங்கே கஸ்பார் கிரேன் ஓட்டுகிறவன். மூன்று மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, தெருவையே அடைத்துக்கொள்கிற காற்றாலை இறக்கைகளை லாரியிலிருந்து தூக்கி இறக்குகிற வேலை. அந்த இறக்கை அந்தரத்தில் சுழன்றுவிடாமல் கீழே நின்று வால் கயிறு பிடிக்கிறவன் ரெமி. கை ஆடுவது தெரிந்தால் கிரேன் போயிற்று. தெரியாமலே இருந்தால் ரெமி. அதற்கு மேல் அந்த வாக்கியத்தை அவன் மனசு முடிக்காது. ரெமி என்பதோடு நிறுத்திக்கொண்டு ஓடிவந்து கொப்பளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஏன் கொப்பளம் வருகிறது. சூடு அதிகமா, குறைவா. கேனை நன்றாகக் குலுக்கவில்லையா. குலுக்கினானே, இடது கையால்தான் குலுக்கினான், அதனால் பத்தவில்லையோ என்னவோ.

"இன்னும் முடியலையா ஒங்க சமையல்?" அடுக்களை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கித்தேரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் சட்டி கருகினபோதே அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள், சோற்றிலும் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறதாம். அதனால்தான் இந்தப் பின்வாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒற்றை அடுப்பும் பழைய ஈயப் போணியுமாக உட்கார்ந்திருக்கிறான். "தெருவே நாறுது. பக்கத்து வீட்டு மேரிசெல்வி எட்டிப் பாத்து, ஒங்க வீட்டுல என்ன வயர் எரியுதான்னு கேக்கா." நாறுதுன்னா ஜன்னலைச் சாத்து என்றான். "சாத்திட்டு நான் உள்ள கெடந்து அவிஞ்சு சாகவா? நல்லாச் சொல்லுதீய." அவள் குழாயைத் திறந்தாள், பேச்சு தண்ணீர்ச் சத்தத்தில் போய்விட்டது. நல்லதாப் போச்சு. அவள் பேசினால் திரும்பிப் பார்க்க வேண்டும், திரும்பிப் பார்த்தால் அவள் இவன் முகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்தவள் கையைப் பார்க்க எவ்வளவு நேரம். உண்மையில் அவள் எதையும் பார்க்கிற ஆள் இல்லை, செதில் தேய்க்கும்போது செதிலைத்தான் பார்ப்பாள். ஆனாலும் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவன் இப்போது அந்தக் கையை எங்கேயாவது வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சட்டைப்பையில், தொடைக்கடியில், நாற்காலி முதுகில். வலது கைக்கு வீட்டில் இடமே இல்லை. சட்டிக்கு இன்னொரு கரண்டி உப்பு எடுப்போம் என்று ஜாடிக்குள் கையை விட்டான், உப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைத் தேய்த்துப் பார்த்தான். ஈரம். அட மடையா. புது உப்பு. கித்தேரியின் பெரியம்மா மகள் உப்பளத்திலிருந்து போன வாரம் கொண்டுவந்து கொடுத்தது, வாரி எடுத்து அம்பாரத்தில் கிடந்து கசிவு வடியக்கூட இல்லாத பச்சை உப்பு. ரப்பரில் உப்புச் சேர்த்தால் கனமும் வரும், மீன் வாயில் வைத்ததைத் துப்பாது என்று எவனோ சொல்லப்போக, பாக்கெட் உப்பை எவன் தொடுவான், நம்ம ஊரு உப்பு இருக்க என்று இதை அள்ளிப் போட்டிருக்கிறான். இந்த ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் உப்பு அம்பாரத்தைப் பார்த்து வளர்ந்து, பச்சை உப்பு அழும் என்பது தெரியாமல் போயிற்றா. கொதிக்கிற பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால் அது ஆவியாகிக் கொப்பளிக்காமல் வேறென்ன செய்யும். வெளியூர்க்காரன் ஒருத்தன் செய்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. அவன் கடையில் பாக்கெட் உப்பை வாங்கி, உதறினால் பொலபொலவென்று கொட்டுகிறதை, ஒரு பெருமையும் இல்லாமல் போட்டுவிட்டுப் போயிருப்பான்.

இரும்புச் சட்டியில் உப்பைக் கொட்டி வறுத்தான். படபடவென்று வெடித்து முகத்தில் தெறித்தது. வெடிக்கட்டும், வெடித்து அடங்கட்டும். கோபத்தோடு வறுப்பதற்கு உப்பு நல்ல சாமான், கருகாது, தீயாது, எவ்வளவு நேரம் வறுத்தாலும் உப்பாகவே இருக்கும். போனைத் துவைக்கிற கல்லின்மேல் சாய்த்து வைத்து அந்தக் கொச்சிக்காரனின் வீடியோவை மறுபடியும் ஓடவிட்டான். முகம் காட்டாத ஆள். மலையாளத்தில் ஏதோ கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக்கொண்டே இருப்பான், தெரிவது அவனுடைய இரண்டு கைகள் மட்டும்தான். முடி இல்லாத, மோதிரம் போட்ட, சோம்பேறிக் கைகள். ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, இன்னொரு கை பிளேடை எடுத்து, அவசரமே இல்லாமல், வெண்ணெயில் கோடு போடுவதுபோல ஒவ்வொரு நாராக இழுத்துக்கொண்டு போனது. ஒரு நாருக்கும் அடுத்த நாருக்கும் வித்தியாசமே கிடையாது. பேசிக்கொண்டே செய்கிறான், அதுதான் கஸ்பாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பற்றி நினைக்காமலே செய்கிறான். இவனும் அப்படித்தானே இருந்தான். லீவரைப் பிடித்துக்கொண்டு, கித்தேரியோடு போட்ட சண்டையை நினைத்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, ஒரு பெரிய இறக்கையை முட்டையை வைப்பதுபோல வைத்துவிட்டு வருவான். மேனேஜர் வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து கீழே நிறுத்தி அண்ணாந்து காட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் தனக்குக் கை என்று ஒன்று இருப்பதாகவே அவனுக்கு ஞாபகம் இருந்ததில்லை. இப்போது நாள் முழுக்கக் கை ஞாபகம்தான். காலையில் கண் விழித்ததும் முதலில் கையை நீட்டிப் பார்க்கிறான், ஆடினால் தூக்கக் கலக்கம் என்கிறான், ஆடாவிட்டால் சரியாகிவிட்டது என்கிறான், பல் தேய்க்கப் போனால் பேஸ்ட் பிரஷ்ஷில் விழாமல் தொட்டியில் விழுகிறது. டாக்டரிடம் போகலாம். போனால் அவர் இதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார். பெயர் இல்லாதவரைக்கும் இது காற்று, சூடு, தூக்கமின்மை, வயசு. வயசா. ஐம்பதுகூட ஆகவில்லை. மரியான் அண்ணனுக்குக்கூடக் கண் போகும்போது ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. இப்போது ஹார்பர் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிக்காரனிடம் பாஸை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்கிறாரே, அவரும் ஒரு காலத்தில் கிரேன்தான், இவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர்தான். கிரேன் ஓடுகிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார், கேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கஸ்பார் தினமும் போகும்போது அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டுத்தான் போவான். பெரிய மனசு என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், அட.

மூன்றாவது சட்டி. வறுத்த உப்பை மிக்ஸியில் போடுவதற்குக் கித்தேரியிடம் கெஞ்ச வேண்டியிருந்தது, "சாப்பாட்டு மிக்ஸி, பாத்துக்கோங்க, வெஷத்த அதுல போட்டீயன்னா தூக்கி ரோட்டுல எறிவேன்" என்றாள், உப்புத்தான் என்று சொல்லி முகர வைத்த பிறகு கொடுத்தாள். துணியில் சலித்து, மாவாக எடுத்தான். பிளாஸ்டிக் இறுகி, இளகி, தெளிந்தது. கணவாய் மையின் நிறம் வருகிறவரைக்கும் கறுப்பும் செம்மண் சிவப்புமாகச் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டான். உப்பைத் தூவினான். ஒரு சத்தமும் இல்லை, ஒரு நுரையும் இல்லை. கம்பியை விட்டான். இடது கையாலேயே விட்டான், முக்குவதற்கு எந்தக் கையானால் என்ன. எடுத்தபோது கம்பியில் பளபளவென்று ஒரே சீராகப் படிந்து வந்தது, சொட்டு முனையில் திரண்டு விழுந்தது. கொடியில் மாட்டிவிட்டு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறட்டும், ஆறட்டும். இறக்கை. இறக்கை எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. வியாழக்கிழமை. வேண்டாம், அது முடிந்துபோன விஷயம். வியாழக்கிழமை யார்டில் காற்றே இல்லை, கம்பத்தில் கட்டின காற்றுப்பை கழற்றிப்போட்ட சட்டைக் கையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கையை இறக்க ஆரம்பித்து, கடைசி ஓராள் உயரத்துக்கு வந்தாயிற்று, லீவரைக் கொஞ்சமாக, நகத்தளவு தள்ள வேண்டும், அந்த நகத்தளவில் கைக்கு வந்துவிட்டது. லீவர் இரண்டு தடவை ஆடிவிட்டது. இவ்வளவு பெரிய இறக்கை ஒரு முழம் பொத்தென்று இறங்கி, நின்று, வால் பக்கம் ஒரு வீச்சு வீசித் திரும்பியது. மேலிருந்து பார்த்தால் கீழே இருக்கிறவர்கள் தீக்குச்சிதான், ஆனால் ரெமியை மட்டும் எந்த உயரத்திலிருந்தும் தெரியும், ஒரு காலை மடக்கி நிற்பான். அந்தத் தீக்குச்சி கயிற்றோடு இழுபட்டு ஓடியது, விழுந்தது, உருண்டு விலகியது. அது ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு எழுந்து பாண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேலே பார்த்துக் கையை ஆட்டினான். வாக்கி டாக்கியில் அவன் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "காத்தா அத்தான்?" என்றான். ஆமா காத்து என்றான் கஸ்பார். சொல்லிவிட்டு லீவரிலிருந்து கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். ஒருத்தரும் காற்றுப்பையைப் பார்க்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவன் காற்று என்று சொன்னால் அன்றைக்குக் காற்றுத்தான்.

ஆறிவிட்டது. விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு அடியிலிருந்து நெருடிவிட்டதும் குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு சாமானைக் கடைக்காரன் கண்ணால் கண்டிருக்க மாட்டான். இழுத்தால் இழுபட்டது, விட்டால் சுருங்கியது, வெயிலில் பிடித்தால் உள்ளே செம்மண் நிறம் ஓடியது, ஒரு கொப்பளம், ஒரு ஓட்டை, ஒரு திட்டுக் கிடையாது. மிச்சக் கம்பிகளையும் முக்கி ஆறவைத்து, வரிசையாக உருவிப் பலகையில் அடுக்கினான். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. அந்தச் சந்தோஷம் பிளேடைக் கையில் எடுக்கிறவரைக்கும் இருந்தது. ஒரு குச்சியைக் குழாய்க்குள் நுழைத்து, பலகையில் அழுத்தி, பிளேடைக் கொண்டுபோனான். பிளேடின் முனை ரப்பரின்மேல் ஈ உட்கார்வதுபோல இங்கே உட்கார்ந்தது, அங்கே உட்கார்ந்தது, வெட்ட வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் உட்கார்ந்தது. அழுத்தினான். கோடு சாய்ந்துபோய் ஒரு நார் பாதியில் அறுந்து விழுந்தது. மணிக்கட்டைப் பலகையில் ஊன்றிக்கொண்டு பார்த்தான், அடுத்த நார் நூலாக வந்தது, அதற்கடுத்தது வார்ப்பட்டையாக வந்தது. இரண்டு கையாலும் பிளேடைப் பிடித்துப் பார்த்தான், அப்புறம் குழாயை யார் பிடிப்பது, பல்லால் கடித்துக்கொள்ளலாம் என்றுகூடக் குனிந்துவிட்டான். இடது கையால் வெட்டினான், இடது கைக்கு ஆட்டம் இல்லை, ஆனால் அறிவும் இல்லை. பிளேடு மழுங்கியிருக்கும். புதுப் பிளேடு பிரித்தான். எண்ணெய் வழுக்குகிறது, துடைத்தான். உள்ளே மிக்ஸி ஓடியது, அந்த அதிர்வு கல்வழியாக வருகிறது என்று நினைத்தான், மிக்ஸி நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. பட்டினியாக இருக்கிறோம், அதுதான். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான். இன்னொரு குழாய், இன்னொன்று. நல்ல நல்ல குழாயாகப் பார்த்து நாசமாகிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன இந்த ரப்பர் கொப்பளமாகவே இருந்திருக்கலாம். கொப்பளம் இருந்தவரைக்கும் கொப்பளத்தைத் திட்டலாம், உப்பைத் திட்டலாம், கொச்சிக்காரனைத் திட்டலாம். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, உப்பு சரி, சூடு சரி, சாயம் சரி, பிளேடு புதுசு. திட்டுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அவன் பிளேடை வைத்துவிட்டு வலது கையைப் பலகையின்மேல் மல்லாக்க வைத்துப் பார்த்தான், அது ஒன்றும் தெரியாத கையாகப் படுத்துக் கிடந்தது. ஒரு வருஷம். பென்ஷனுக்கு வழியில்லாத கம்பெனி, ஆனாலும் ஒரு வருஷச் சம்பளம் சேர்கிறவரைக்கும் எப்படியாவது ஓட்டிவிட்டால். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்ளலாம். சுளுக்கு என்று சொல்லலாம். கடைசி ஓராள் உயரத்துக்கு மட்டும் இடது கையால் பிடித்து இறக்கலாம். நாளைக்குப் பாறையில் கொடுவா பிடித்துக்கொண்டு வந்தால் மனசு தெளியும், மனசு தெளிந்தால் கை தெளியும், திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிடும். திங்கட்கிழமை. கீழே. ரெமி.

வாசலில் பைக் நின்றது. "அத்தான், ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே ரெமி வீட்டுக்குள் நுழைந்து, அக்காளின் சட்டியிலிருந்து ஒரு பொரித்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தான். யார்டுத் தூசி அப்படியே உடம்பில் இருந்தது. வலது உள்ளங்கையில் கயிறு இழுத்த காயத்துக்குப் பிளாஸ்திரி. கஸ்பார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ரெமி ஒரு குழாயை எடுத்து இழுத்துப் பார்த்தான், வெயிலுக்குப் பிடித்தான், வாயால் ஊதினான். "யாத்தாடி. ஒரு கொப்பளம் இல்லையே. எப்படிச் செஞ்சீய?" என்றான். அப்புறம் வெட்டினவற்றைப் பார்த்தான். "இதென்ன, எலி கடிச்சாப்ல?"

"பிளேடு சரியில்ல" என்றான் கஸ்பார்.

"இங்க கொண்டாங்க." ரெமி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அதே பிளேடை எடுத்து, குழாயைத் தன் தொடையில் வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். ஒரு நார், அடுத்த நார், அதற்கடுத்த நார். பொரித்த மீனை மென்றுகொண்டே வெட்டினான், அக்காளிடம் இன்னும் ரெண்டு துண்டு வை என்று சொல்லிக்கொண்டே வெட்டினான். நார்கள் ஒன்றுபோல விழுந்து கணவாயின் கால்களாகத் தொங்கின. கஸ்பார் அந்தப் பிளாஸ்திரி போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லதுதான், இவனே வெட்டிவிடட்டும், ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நாளைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், பிளேடு சரியில்லை என்பதோடு போய்விட்டது. இவ்வளவு லேசாக ஒரு விஷயம் தப்பித்துப் போகுமென்றால் போகட்டுமே, யார் தடுத்தார்கள்.

"திங்கக்கெழம மூணு எறக்க வருதாம்த்தான்" என்றான் ரெமி, பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப வந்ததவிட நீளமாம். சூப்பர்வைசர் என்னக் கூப்பிட்டு, கை காயமா இருக்கே, வால் கயித்துக்கு வேற ஆளப் போடவான்னாரு. எதுக்கு சார், மேல எங்க அத்தான் இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு நிப்பேன்னு சொல்லிட்டேன். வேற எவனாச்சும் ஏறினாத்தான் எனக்குப் பயம்னேன். சிரிக்காரு."

 கஸ்பாருக்கு எரிச்சலாக இருந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல். இந்தப் பயலை யார் இவ்வளவு நம்பச் சொன்னது.

"நிக்காத" என்றான்.

"என்னது?"

"நான் மேல இருந்தா நீ கீழ நிக்காத. ஒருத்தனையும் நிக்க விடாத."

ரெமி சிரிக்கப் பார்த்தான். கஸ்பார் மடியிலிருந்து கையை எடுத்து, பலகையில் கிடந்த ஒரு குழாயைத் தொடப்போவதுபோல நீட்டி, தொடாமல், அப்படியே நிறுத்தினான். விரல்கள் ஆடின. மறைக்காமல் விட்டதனாலோ என்னவோ, வழக்கத்தைவிட அதிகமாகவே ஆடின. ரெமி பிளேடைக் கீழே வைத்தான். எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், இறுக்கமாக, பிளாஸ்திரியோடு சேர்த்து.

"விடுலே" என்றான் கஸ்பார். "பிடிச்சா நின்னுரும். விட்டாத்தான் ஆடும். நல்லாப் பாத்துக்க."

ரெமி விட்டான். பார்த்தான். அவன் முகத்தில் வியாழக்கிழமை மெல்ல வந்து சேர்வதைக் கஸ்பார் பார்த்தான், பார்க்க வேண்டியதுதான் என்று கண்ணை எடுக்காமல் இருந்தான். அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. கித்தேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையெல்லாம் செதில். 

"எப்பத்திலருந்து?" என்றான் ரெமி, மெதுவாக.

"அதுக்கெல்லாம் என்னைய அப்புறம் வையலாம். போன எடு. சூப்பர்வைசருக்குப் போடு."

"திங்கக்கெழம நேர்ல போயிச் சொல்லலாம்த்தான். டாக்டர ஒரு தடவ பாத்துட்டு."

"திங்கக்கெழமன்னா நான் சொல்ல மாட்டேன். ஏறி உக்காந்துருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். இப்பப் போடு."

"நீங்களே போடுங்களேன். நான் எப்படிச் சொல்ல."

"நான்தான் பேசுவேன்" என்றான் கஸ்பார். "நம்பரை நீ அமுக்கு. எனக்கு விரல் பக்கத்து நம்பர்ல போயி விழுது."

ரெமி எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். எண்ணைத் தேடி அமுக்கினான். போனை அத்தானிடம் கொடுக்க நீட்டினவன், பாதியில் நிறுத்தி, கல்லிலிருந்து எழுந்து வந்து, அவன் காதில் தானே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரிங் போவுது" என்றான் கஸ்பார்.